மறுப்பதானால் எழுதிக் கொடுத்து மறுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்பாதைக்கும் மேடுபள்ளத்துக்கும் ஏற்றவை என்று விளம்பரம் செய்து விற்கப்படும் ‘ஆஃப்ரோடு’ மோட்டார் சைக்கிள்களை வாங்கிய மலைப்பகுதி மக்கள், வாரண்டிக் காலத்துக்குள் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், ‘மண்பாதையில் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலும் வாய்ப்பேச்சோடு சரி. எந்த உதிரிபாகம், என்ன காரணம், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதி என்று ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை. கொடைக்கானலை ஒட்டிய கீழ்ப்பழனி மலைப்பகுதியில் காபியும் மிளகும் பயிரிட்டுவரும் நான், இதில் அலைக்கழிக்கப்பட்டவர்களில் ஒருவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தகைய வண்டிகள் என்றாலே, வார இறுதியில் தலைக்கவசத்தில் கேமரா பொருத்திக்கொண்டு கொடைக்கானலுக்கு வரும் நகரத்து இளைஞர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் மலையூர்களான தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கம் நிலைமை வேறு. தோட்டத்துக்குப் போகும் வழியில் தார் ஊர் எல்லையோடு முடிந்துவிடும். அதன்பிறகு உருட்டுக்கல்லும் செம்மண்ணும் மழைநீர் அரித்த பள்ளமும்தான். முன்பெல்லாம் வசதி உள்ளவர்கள் ஜீப்பிலும், மற்றவர்கள் ராஜ்தூத், புல்லட், ஆர்.எக்ஸ். 100, பிற்பாடு டி.வி.எஸ். எக்ஸ்எல் என்று கிடைத்த வண்டியிலும் சமாளித்தார்கள். 2011-இல் ஹீரோ இம்பல்ஸ், 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-இல் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் எக்ஸ்பல்ஸ் 200 என்று இந்த வகை வண்டிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்த பிறகு, தரைக்கும் எஞ்சின் அடிப்பகுதிக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வண்டி எங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறதே என்று சிறு விவசாயிகளும் தோட்ட மேஸ்திரிகளும் கடன்பட்டு வாங்கத் தொடங்கினார்கள். என் வண்டி எந்த நிறுவனத்தினுடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் இது ஒரு நிறுவனத்தின் குறையாகச் சுருங்கிவிடும். வெவ்வேறு வண்டிகள் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரும் இதே பதிலைத்தான் கேட்டுவருகிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காபிப்பழம் பறிக்கும் சமயத்தில் என் வண்டியின் முன்பக்க ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுக்கலைத் தாங்கும் இரட்டைக் குழாயில், ஆயில் கசியத் தொடங்கியது. வலப்பக்கத்தில் மட்டும், ஆயிலை உள்ளே நிறுத்தும் ரப்பர் தடுப்பான சீலுக்குச் சற்று மேலே, ஆயிலும் செம்மண்ணும் குழைந்து விரலகலத்துக்கு ஒரு வளையமாக நின்றது. துடைத்துவிட்டு ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் மறுபடியும் வளையம் வந்துவிடும். இப்படியே விட்டால் ஆயில் வழிந்து பிரேக் பக்கம் இறங்கும் அபாயம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் முன்பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை மலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாரண்டி முடிய இன்னும் நாள் இருந்ததால், வண்டியைக் கீழே கொண்டுபோய் விற்றவர்களிடமே விட்டேன். வரவேற்பில் இருந்த இளைஞர் டயரின் பட்டைகளுக்கு இடையே ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். “அண்ணே, மண் ரோட்டுல ஓட்டியிருக்கீங்க. இது வாரண்டியில வராதுண்ணே” என்றார். ஃபோர்க்கைக் கழற்றவில்லை, பைப்பைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் ‘முன்பக்கம் ஆயில் கசிவு’ என்று என் புகார் மட்டும் எழுதப்பட்டிருந்தது. அதற்கு நேராக அவர்கள் கண்டறிந்ததை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. மறுப்பை எழுதித் தாருங்கள் என்றதற்கு, கம்பெனியிலிருந்து மெயில் வரும் என்றார். வரவில்லை. கடைசியில் காசு கொடுத்தே சீலை மாற்றினேன். கழற்றிய பழைய சீலைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆய்வுக்கு அனுப்புவதற்கு இருந்த ஒரே தடயமும் அதோடு போயிற்று.

ஃபோர்க் சீல் கசிவதற்கு ஓட்டுபவர் காரணமாக இருப்பதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. சேறு பைப்பில் காய்ந்து ஒட்டியிருக்கும்போது ஃபோர்க் அமுங்கினால், அந்த மண் தூசித் தடுப்பைத் தாண்டி உள்ளே போய் ஆயில் சீலின் விளிம்பை அறுத்துவிடும். கல் தெறித்துக் குரோம் பூச்சில் ஒரு சிறு வடு விழுந்தாலும், ஃபோர்க் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வடு சீலைச் சுரண்டும். வாட்டர் சர்வீஸ் செய்கிறோம் என்று அழுத்தத் தண்ணீரை நேராகச் சீலின் மேல் பீய்ச்சினாலும் கெடும். இவற்றுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால், தொழிற்சாலையில் சீல் கோணலாகப் பதிந்திருந்தாலும், ரப்பர் தரம் குறைந்திருந்தாலும், குரோம் பூச்சே சரியில்லாமல் இருந்தாலும், உள்ளே பைப்பை ஆடாமல் பிடிக்கும் புஷ் தேய்ந்து பைப் ஆடினாலும் இதே கசிவுதான் வரும். இவற்றில் எது காரணம் என்பதை வெளியே நின்று சொல்ல முடியாது. ஃபோர்க்கை இறக்கி, பழைய ஆயிலை ஒரு தட்டில் ஊற்றி மண் கலந்திருக்கிறதா என்று பார்த்து, பைப்பை நகத்தால் வருடி வடு இருக்கிறதா என்று தேடி, சீலின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் அறுந்திருக்கிறதா, சுற்றிலும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். தொழில் தெரிந்த மெக்கானிக்குக்கு இது பெரிய வேலையே அல்ல. என் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே சேற்றில்தான் போய்வந்தன. ஒரு பக்கம் மட்டும் ஏன் கசிந்தது என்று கேட்கவாவது அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். டயரில் மண் இருப்பதைப் பார்த்து ஃபோர்க்கின் கோளாறுக்குத் தீர்ப்பு எழுதுவதைப் பரிசோதனை என்று எப்படி ஏற்பது?

ஃபோர்க்கோடு இது நிற்கவில்லை. ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட் சீக்கிரமே ஆடுவது, கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்குகள் தளர்ந்து ரிம் கோணுவது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சென்சாரின் ஒயர் அறுந்து விளக்கு எரிவது என எதைக் கொண்டுபோனாலும் பதில் ஒன்றே. பிரேக் கட்டை, கிளட்ச் பிளேட், செயின் ஆகியவை தேயும் பொருட்கள், அவற்றுக்கு வாரண்டி இல்லை என்பது நியாயம்தான்; டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களிடம் கேட்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாத பாகங்களையும் ‘மண்பாதை’ என்ற ஒரே சொல்லால் பட்டியலுக்குள் இழுத்துவிடுகிறார்கள்.

வாரண்டிப் புத்தகங்களில் பந்தயம், போட்டி, தவறான பயன்பாடு ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று இருப்பது வழக்கம். பதிவெண்ணே பெற முடியாத, பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளின் கதை தனி. அவற்றின் பராமரிப்பே எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் நடக்கிறது, வாங்குபவரும் அது தெரிந்தே வாங்குகிறார். சாலை வரி கட்டி, காப்பீடு எடுத்து, விளம்பரத்தில் சேற்றிலும் ஆற்றிலும் பாய்ந்து காட்டப்பட்ட வண்டியை, ஊராட்சிப் பாதையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் மிளகு மூட்டையோடு ஓட்டுவது எந்த வகையில் பந்தயம்? குடையை விற்றவர், மழையில் பிடித்ததால்தான் கிழிந்தது என்று வாடிக்கையாளரையே குற்றம் சொல்வது போல இருக்கிறது இது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகள் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன: விளம்பரத்தில் வரும் பொறுப்புத்துறப்புக் குறிப்பு, அந்த விளம்பரத்தின் முக்கியமான கூற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது, கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் குறிப்பும் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் தமிழில் முழங்கிவிட்டு, திரையின் அடியில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் ‘பயிற்சி பெற்றவர்கள் ஓட்டியது’ என்று ஓடவிடுபவர்கள் இந்த நெறிமுறையைப் படித்திருக்கிறார்களா என்பது ஐயமே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பொருளைப் பற்றித் தயாரிப்பாளர் சொல்லும் விவரிப்பையும் வாக்குறுதியையும் வெளிப்படையான உத்தரவாதம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பொருள் அதற்கு ஒத்துவராமல் போனால் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்கிறது. ஆகவே எந்தப் பாதையில் ஓடும் என்று சொல்லி விற்றார்களோ, அந்தப் பாதையில் ஓட்டியதை மட்டுமே காரணம் காட்டி மறுப்பது வாரண்டிப் புத்தகத்தோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல.

இதில் மலைப்பகுதிக்கென்று தனியாக ஒரு சுமை இருக்கிறது. பழைய வண்டிகளைப் பண்ணைக்காட்டிலோ பெரும்பாறையிலோ உள்ள மெக்கானிக்கே காதால் கேட்டுச் சரிசெய்துவிடுவார். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு கார்புரேட்டர் போய், எரிபொருளைச் சென்சார்கள் அளந்து தரும் ஏற்பாடு வந்துவிட்டது; கோளாறு விளக்கு எரிந்தால் அதன் குறியீட்டைப் படிக்கும் கருவி வேண்டும், அந்தக் கருவி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வண்டி நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது கெட்டுப்போனால் எங்களுக்கு உள்ளூரில் நாதியில்லை. சர்வீஸ் சென்டரோ திண்டுக்கல்லிலும் பழனியிலும் சமவெளி ஊர்களிலும் இருக்கிறது. ஓடாத வண்டியைப் பிக்கப்பில் ஏற்றி, சுமார் ஆயிரம் மீட்டர் இறங்கி, விட்டுவிட்டு, பேருந்தில் ஊர் திரும்பி, உதிரிபாகம் வந்துவிட்டது என்று போன் வந்ததும் மறுபடி இறங்க வேண்டும். பறிப்புக் காலத்தில் ஒரு நாள் வேலை கெடுவது என்ன விலை என்பதைத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். விடியற்காலையில் கிளம்பலாம் என்றால் வழியில் காட்டுமாடு நிற்கும். அதை இதில் சேர்க்கவில்லை.

இலவச சர்வீஸ் விதியும் சமவெளியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை நாள், எது முந்தியதோ அதற்குள் வர வேண்டும், தவறினால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டால் அந்த நாள்கணக்கு என்ன ஆகும் என்பதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையின் பாதைகளை என்ன செய்தது என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிலோமீட்டர் கணக்கும் எங்களுக்கு உதவாது. தோட்டப் பாதையில் முதல் கியரிலேயே ஒரு மணி நேரம் முக்கிக்கொண்டு ஏறினாலும் மீட்டரில் சில கிலோமீட்டர்தான் ஏறும். எஞ்சினும் கிளட்சும் ஆயிலும் நெடுஞ்சாலையில் அரை நாள் ஓடியதைவிட அதிகமாகவே உழைத்திருக்கும். டிராக்டருக்கு மணிக்கணக்கில் சர்வீஸ் செய்யும் வழக்கம் இந்த நாட்டில் புதிதல்ல. மண்பாதைக்கென்று விற்கும் மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஒரு கணக்கை ஏன் யோசிக்கக் கூடாது?

தூரத்தைக் காரணமாக வைத்து உள்ளூர் மெக்கானிக்கிடம் சிறு வேலை பார்த்தால், ‘வெளியே கை வைத்துவிட்டீர்கள்’ என்று மொத்த வாரண்டியையும் ரத்து செய்வது இன்னொரு வழக்கம். 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று கூறியது. அபராதத் தொகை மேல்முறையீட்டுக்குப் போனதும், அது கார்களைப் பற்றிய வழக்கு என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு சக்கரத்துக்கு நியாயம் வேறாகிவிடுமா என்பதுதான் கேள்வி. செயினை இறுக்கியதற்காக எஞ்சின் வாரண்டி போய்விட்டது என்று சொல்லும் துணிச்சல், கேட்பவருக்கு விதி தெரியாது என்ற நம்பிக்கையில் வருவது.

ஷோரூம்காரர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால், பழைய பாகத்தைக் கம்பெனிக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்; கம்பெனி ஏற்காவிட்டால் பாகத்தின் விலை விற்பனையாளர் தலையில் விழும். வேலைக்கூலிக்கும் கம்பெனி நிர்ணயித்த தொகைதான். எனவே சந்தேகத்துக்கு இடமுள்ள எதையும் வாசலிலேயே மறுத்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. வரவேற்பில் நிற்கும் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சொல்கிறான். ஆனால் எழுத்தில்லாத மறுப்பினால் கம்பெனிக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. எழுதாத புகார் அவர்கள் கணக்கில் புகாரே இல்லை. ஒரே ஃபோர்க் சீல் பத்து ஊர்களில் கசிந்தாலும் தலைமை அலுவலகத்துக்கு அது போய்ச் சேராது, அந்தப் பாகத்தைத் திருத்தவும் வேண்டியிருக்காது. குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த அதிகாரம் அசைவதற்கும் முதலில் புகார் என்று ஒன்று பதிவாக வேண்டும்.

இந்த நிலையில் வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. ஜாப் கார்டில் புகாரை நம் வாயால் சொன்னபடியே எழுதச் சொல்லி, நகலை வாங்காமல் வண்டியை விடக் கூடாது. கழற்றிய பாகத்தை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால், அன்றே கம்பெனிக்கு மெயிலோ பதிவுத் தபாலோ அனுப்பி, ‘இன்ன தேதியில் இன்ன பழுதுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது, காரணம் தெரிவிக்கவும்’ என்று கேட்டுவிட வேண்டும். தேவையான தகவலை வேண்டுமென்றே தராமல் இருப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019 சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால், வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது எங்களுக்குத் திண்டுக்கல்லில், வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். காணொலி வழியே விசாரிக்கக் கேட்டு மனுச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு என்பது மலையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் இறங்க வேண்டிய எங்களுக்கு முக்கியம். பாகத்தின் குறையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்தால் முடியும்; பாகம் கையில் இருந்தால்.

நிறுவனங்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்பது அதிகமில்லை. வாரண்டி மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும், பாகத்தின் பெயர், பரிசோதித்த விதம், கண்டறிந்த காரணம், பொருந்தும் விதி ஆகிய நான்கையும் தமிழில் எழுதி, பரிசோதித்தவரின் கையெழுத்தோடு வாடிக்கையாளரிடம் தர வேண்டும். வாரண்டிப் புத்தகமும் தமிழில் வர வேண்டும். வண்டி விற்கும்போது தமிழ் பேசுகிறவர்கள் புத்தகத்தில் மட்டும் ஏன் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள் என்று தெரியவில்லை. பருவமழைக்குப் பிறகு தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ கொடைக்கானலிலோ ஒரு சர்வீஸ் முகாம் நடத்தி, கோளாறு படிக்கும் கருவியையும் சீல், பேரிங், ஸ்போக் போன்ற சில்லறைப் பாகங்களையும் கொண்டுவந்தால், கீழே இறங்கும் பாதி அலைச்சல் குறையும். கடன் வசதி, பண்டிகைத் தள்ளுபடி என்று விற்பனை முகாம் நடத்த இந்த ஊர்களுக்கு வழி தெரிந்தவர்களுக்கு, சர்வீஸ் முகாம் நடத்தவும் வழி தெரியும்.

கடைசியாக ஒன்று. உதிரிபாகம் வரவில்லை என்று வண்டி வாரக்கணக்கில் சர்வீஸ் சென்டரில் நிற்கும்போதும் வாரண்டி நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டியை ஒப்படைத்த தேதியும் திரும்பப் பெற்ற தேதியும் ஜாப் கார்டில் இருக்கின்றன; இடைப்பட்ட நாட்களை வாரண்டிக் காலத்தோடு கூட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கணக்கும் போட வேண்டியதில்லை.

இங்ஙனம்,
காபி விவசாயி ஒருவர்,
தாண்டிக்குடி, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.